உங்களுக்குத் தெரியுமா? – அம்மை இறங்கிய பிறகு

சின்ன வயதில் அம்மை போட்டு, வேப்பிலைப் படுக்கையில் கிடந்து, மூன்று தண்ணீர் ஊற்றி எழுந்தவரா நீங்கள்? கொப்புளம் இறங்கியது உண்மை. வைரஸ் இறங்கவில்லை. முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில் இன்றும் அது இருக்கிறது. இந்த முறைத் துணுக்குகள் முழுக்க அதையும் அதன் சொந்தபந்தங்களையும் பற்றித்தான்.

● சின்னம்மை வைரஸ் ஹெர்பீஸ் குடும்பத்தைச் சேர்ந்தது. ‘ஹெர்பீஸ்’ என்றதும் பலரும் பால்வினை நோய் என்று நினைத்து முகம் சுளிப்பார்கள். அந்தக் குடும்பத்தில் மனிதர்களைத் தொற்றும் உறுப்பினர்கள் ஒன்பது. உதட்டில் கொப்புளம் தரும் சிம்ப்ளெக்ஸ் 1, பிறப்புறுப்பில் புண் தரும் சிம்ப்ளெக்ஸ் 2, சின்னம்மை வைரஸ், எப்ஸ்டீன்-பார், சைட்டோமெகலோ வைரஸ், பிறகு பெயர்கூட வைக்காமல் எண் மட்டும் போட்டுவிட்ட 6ஏ, 6பி, 7. கடைசியாக, கபோசி சார்கோமா என்ற புற்றுநோயை உண்டாக்கும் 8. குணம் பலவிதம் என்றாலும் ஒரு விஷயத்தில் ஒன்பதும் ஒன்று: உள்ளே வந்தால் ஆயுள் முழுக்க வெளியேறாது.

● உலகில் 50 வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 380 கோடிப் பேரிடம் சிம்ப்ளெக்ஸ் 1 இருக்கிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. அதாவது 64%. பெரும்பாலானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது.

● உதட்டில் நுழைந்த வைரஸ் எங்கே போய் ஒளிகிறது? முதலில் தோல் செல்களில் பெருகுகிறது. பிறகு அங்கே வந்து முடியும் உணர்வு நரம்பின் நுனிக்குள் புகுந்து, நரம்பு தன் சரக்குகளை ஏற்றி இறக்கும் நுண்குழாய்ப் பாதையிலேயே தொற்றிக்கொண்டு மேலே போகிறது. போய்ச் சேரும் இடம், காதுக்கு முன்னால் மண்டையோட்டின் அடித்தளத்தில் இருக்கும் முக்கிளை நரம்பின் முடிச்சு. நெற்றி, கன்னம், தாடை என்று முகத்தின் உணர்வெல்லாம் வந்து சேரும் இடம் அது. அங்குள்ள நரம்பு செல்லின் உட்கருவுக்குள் வைரஸின் டி.என்.ஏ. மட்டும் நுழைகிறது. நீள நூலாக இருந்தது இரு முனையும் சேர்ந்து வளையமாகிறது. நம் செல் தன் டி.என்.ஏ.வைச் சுற்றி வைக்கப் பயன்படுத்தும் அதே புரதங்கள் இந்த வளையத்தையும் இறுக்கச் சுற்றிவிடுகின்றன.

அதன்பின் கிட்டத்தட்ட முழு அமைதி. எண்பதுக்கு மேற்பட்ட மரபணுக்கள் உள்ள வைரஸ், ஏறக்குறைய எல்லாவற்றையும் மூடிவிட்டு, ஒரே ஒரு பகுதியிலிருந்து மட்டும் ஆர்.என்.ஏ. நகல்களை நிறைய எடுத்துக்கொண்டிருக்கிறது. 1987-ல் கண்டறியப்பட்ட அந்த ஆர்.என்.ஏ.விலிருந்து புரதம் எதுவும் உருவாவதாகத் தெரியவில்லை. புரதம் இல்லையென்றால் நோய் எதிர்ப்பு அணுக்களுக்கு அடையாளம் கிடைக்காது. நரம்பு செல் தோல் செல்லைப் போல உதிர்ந்து புதுப்பிக்கப்படுவதும் இல்லை. நாம் இருக்கும்வரை இருக்கும். ஒளிந்துகொள்ள இதைவிடத் தோதான இடம் உடம்பில் கிடையாது.

● இந்த ஒளிவிடத்துக்கு முதல் துப்பு கிடைத்தது அறுவை சிகிச்சை அறையில். முகத்தில் மின்னல் வெட்டுவது போன்ற வலி உள்ள நோயாளிகளுக்கு, 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் முக்கிளை நரம்பில் அறுவை செய்துவந்தார். அறுவை முடிந்த சில நாட்களில் பலருக்கு உதட்டைச் சுற்றிக் கொப்புளம் கிளம்பியது. தொட்டது நரம்பை; கொப்புளித்தது உதடு! 1929-ல் எர்னஸ்ட் குட்பாஸ்ச்சர் என்ற நோய்க்குறியியலாளர், வைரஸ் நரம்பு முடிச்சில்தான் பதுங்கியிருக்க வேண்டும் என்று எழுதினார். கையில் நேரடி ஆதாரம் இல்லை. ஆனால் ஊகம் அச்சு அசலாகச் சரி.

● ஆதாரம் வந்தது 1971-ல். ஜாக் ஸ்டீவன்ஸ், மார்ஜரி குக் இருவரும் எலிகளின் பாதத்தில் வைரஸைச் செலுத்தினார்கள். நோய் வந்து, ஆறி, எலிகள் ஓடியாடத் தொடங்கின. பிற்பாடு அவற்றின் நரம்பு முடிச்சுகளை எடுத்து அரைத்துப் பார்த்தபோது வைரஸ் இல்லை. அதே முடிச்சுகளை அரைக்காமல், செல்கள் உயிரோடு இருக்கும்படி கண்ணாடித் தட்டில் வளர்த்தபோது வைரஸ் கிளம்பி வந்தது. அடுத்த இரண்டு ஆண்டுகளுக்குள் இறந்த மனிதர்களின் முக்கிளை நரம்பு முடிச்சுகளிலும் அதையே கண்டார்கள்.

● எழுப்புவது எது? காய்ச்சல், கடும் வெயில், மாதவிடாய், மன அழுத்தம், பல் பிடுங்குதல், அறுவை சிகிச்சை. பட்டியலில் புற ஊதாக் கதிருக்கு நல்ல ஆதாரம் உண்டு: பனிமலையில் சறுக்கு விளையாடப் போகிறவர்களுக்கு உதட்டுக் கொப்புளம் அடிக்கடி வருகிறது என்பதால் அவர்களை வைத்தே மருந்துச் சோதனை நடத்தியிருக்கிறார்கள். நம் ஊரில் பங்குனி, சித்திரையில் வாயோரம் கொப்புளித்தால் “உடம்புச் சூடு” என்போம். வெயில் என்ற அளவில் பாதி சரி. இளநீர் குடித்தால் தாகம் அடங்கும். நரம்பு முடிச்சில் இருப்பதற்கு அது எட்டாது.

● செல்லுக்குள் நடப்பது இன்னும் சுவாரசியம். நரம்பு செல்லுக்கு ஒரு நெருக்கடி வந்தால் – வளர்ச்சிச் சத்து குறைந்தால், நரம்பிழை அடிபட்டால் – அது தன்னைக் காத்துக்கொள்ள ஓர் அபாய சமிக்ஞையை உள்ளே பரப்புகிறது. அந்தச் சமிக்ஞை, சுற்றி இறுக்கிய புரதங்களைத் தளர்த்துகிறது. வைரஸ் அதையே தன் விழிப்பு மணியாக வைத்திருக்கிறது. குடியிருக்கும் செல் ஆபத்தில் இருக்கிறது என்றால் கிளம்பிவிட வேண்டும் என்ற கணக்கு போலும். பரிணாமத்துக்கு மூளை கிடையாதுதான். ஆனால் இந்த மாதிரி ஏற்பாடுகளைப் பார்க்கும்போது அதை நம்புவது கஷ்டமாக இருக்கிறது.

● எழுந்த வைரஸ் எல்லாம் உதடுவரை வந்துவிடுவதில்லை. நரம்பு முடிச்சுக்குள்ளேயே டி செல்கள் எனப்படும் வெள்ளணுக்கள் ஆண்டுக்கணக்கில் தங்கியிருக்கின்றன. பொதுவாகத் தொற்றுள்ள செல்லைக் கொன்றுவிடுவது இவற்றின் வேலை. நரம்பு செல்லைக் கொன்றால் மாற்று கிடைக்காது என்பதால் இங்கே வேறு வழி: நரம்பு செல்லைச் சாகவிடாமல், அதனுள் வைரஸ் விழிப்பதற்கு வேண்டிய முக்கியப் புரதத்தை மட்டும் நறுக்கிப் போடும் நொதியைச் செலுத்துகின்றன. 2008-ல் வெளியான எலி ஆய்வு இதைக் காட்டியது.

● கொப்புளம் இல்லாத நாட்களிலும் வைரஸ் சத்தமில்லாமல் எச்சிலில் வெளிவருவது உண்டு. பரவுவதில் பெரும்பங்கு இப்படித்தான். ஆனால் உதட்டில் கொப்புளம் வெளிப்படையாக இருக்கும்போது பச்சைக் குழந்தையைக் கொஞ்சி முத்தம் கொடுக்கவே கூடாது. பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்த வைரஸ் மூளை, ஈரல்வரை பரவி உயிரையே எடுக்கக்கூடும். தொட்டில் போடும் விசேஷத்துக்கு வரும் மாமாவாக இருந்தாலும் சரி, மறுத்துவிடுங்கள். கோபித்துக்கொண்டால் பரவாயில்லை.

● சின்னம்மையும் அக்கியும் (ஷிங்கிள்ஸ்) ஒரே வைரஸின் வேலை என்பதை முதலில் மோப்பம் பிடித்தவர் புடாபெஸ்ட் குழந்தை மருத்துவர் போகாய். வீட்டில் பெரியவருக்கு அக்கி வந்தால் அடுத்த இரண்டு வாரத்தில் குழந்தைக்குச் சின்னம்மை வருவதை 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் கவனித்தார். வைரஸ் என்ற ஒன்றையே யாரும் பார்த்திராத காலம் அது.

● அக்கி எப்படி வருகிறது என்ற புதிரை அவிழ்த்தவர் பெரிய ஆய்வகத்து விஞ்ஞானி அல்லர். இங்கிலாந்தில் சைரன்செஸ்டர் என்ற சிற்றூரின் குடும்ப மருத்துவர் எட்கர் ஹோப்-சிம்ப்சன். அவரது மருத்துவமனைப் பொறுப்பில் இருந்தவர்கள் சுமார் 3,500 பேர். 1947 முதல் 1962 வரை 16 ஆண்டுகள், அவர்களில் யாருக்கு எப்போது அக்கி வந்தது என்று நோட்டுப் போட்டு எழுதிவந்தார். மொத்தம் 192 பேர்.

அந்தக் காலத்தில் பலர் நினைத்தது, அக்கி வெளியிலிருந்து தொற்றுகிறது என்று. அப்படியானால் ஊரில் சின்னம்மை பரவும் மாதங்களில் அக்கியும் கூட வேண்டும். அவர் நோட்டில் அப்படி எதுவும் இல்லை. சின்னம்மை அலையலையாக வந்து போனது. அக்கி ஆண்டு முழுக்கச் சிதறலாக வந்தது. வயது ஏற ஏற எண்ணிக்கை கூடியது. இன்னும் உறுதி வேண்டும் என்று ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்து தீவுக் கூட்டத்தில் உள்ள யெல் என்ற தீவுக்குப் போனார். ஆள் நடமாட்டம் குறைந்த இடம். யார் யாரைச் சந்தித்தார் என்று ஒவ்வொருவராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். அங்கும் அக்கி வந்தவர்கள் வேறு அக்கி நோயாளியிடமிருந்தோ சின்னம்மைக் குழந்தையிடமிருந்தோ பெற்றதாகத் தெரியவில்லை.

1965-ல் அவர் வெளியிட்ட கட்டுரையின் சாரம்: சிறுவயதுச் சின்னம்மைக்குப் பிறகு வைரஸ் உணர்வு நரம்பு முடிச்சுகளில் தங்கிவிடுகிறது. உடம்பின் எதிர்ப்பு ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கும்போது ஏதாவது ஒரு முடிச்சிலிருந்து கிளம்பி, அந்த நரம்பு போகும் பட்டையில் மட்டும் தோலுக்கு வருகிறது. 1984-ல் ஒரே நோயாளியின் சின்னம்மைக் கொப்புள வைரஸையும் பின்னர் அவருக்கே வந்த அக்கி வைரஸையும் டி.என்.ஏ. அளவில் ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒன்றே. நோட்டுப் புத்தகத்தையும் பொறுமையையும் முதலாக வைத்து இவ்வளவு தூரம் போனவர்கள் மருத்துவத்தில் அதிகம் இல்லை.

● ஹோப்-சிம்ப்சன் இன்னொன்றும் சொன்னார்: சின்னம்மைக் குழந்தைகளோடு பழகும் பெரியவர்களுக்கு எதிர்ப்புச் சக்தி அவ்வப்போது கூர் தீட்டப்படுகிறது, அதனால் அக்கி குறையும். பிரிட்டன் மருத்துவப் பதிவேடுகளை வைத்து 2020-ல் வெளியான ஆய்வு, வீட்டில் சின்னம்மை வந்த குழந்தையோடு இருந்த பெரியவர்களுக்கு அக்கி அபாயம் சுமார் 30% குறைந்திருந்ததாகச் சொல்கிறது.

● தட்டம்மை ஒரு தீவில் நிலைத்திருக்க அங்கே சில லட்சம் பேர் வாழ வேண்டும். இல்லையென்றால் தொற்ற ஆள் கிடைக்காமல் அற்றுப்போகும். சின்னம்மைக்கு ஆயிரம் பேர்கூட வேண்டாம். ஒரு தலைமுறைக்கே ஊரில் சின்னம்மை இல்லாமல் போனாலும், தாத்தாவுக்கு அக்கி வந்தால் பேரனுக்குச் சின்னம்மை வந்துவிடும்.

● உடம்பின் எந்தத் தோல் பட்டை எந்த நரம்பு முடிச்சைச் சேர்ந்தது என்ற வரைபடத்தை நரம்பியல் மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள். அதை வகுக்கப் பெரிதும் உதவியது அக்கி. 1900-ல் இங்கிலாந்தில் ஹென்றி ஹெட், ஆல்ஃபிரட் கேம்ப்பெல் இருவரும், அக்கி வந்து பின்னர் இறந்தவர்களின் நரம்பு முடிச்சுகளை வெட்டிப் பார்த்து, கொப்புளம் இருந்த இடத்தோடு பொருத்தினார்கள். அக்கி உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போவது அபூர்வம் என்பதற்கும் காரணம் இதுதான்: ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு பக்கம் மட்டுமே பொறுப்பு. மாலை போல முழுச்சுற்று வந்தால் உயிருக்கு ஆபத்து என்று கிராமத்தில் சொல்வது வெறும் பயம்.

● தமிழ்நாட்டில் அக்கிக்கு முதலில் போகும் இடம் பல ஊர்களில் இன்றும் குயவர் வீடுதான். காவியைத் தண்ணீரில் குழைத்து, கொப்புளத்தின் மேலும் சுற்றியும் சிங்கம் போன்ற உருவங்களை எழுதுவார்கள். “அக்கி எழுதுவது” என்று பெயர். குணமாகிறதா என்றால், ஆகத்தான் செய்கிறது. ஏனென்றால் பெரும்பாலான அக்கிக் கொப்புளங்கள் இரண்டிலிருந்து நான்கு வாரங்களில் தாமாகவே காய்ந்து உதிரும். எழுதினாலும் உதிரும், எழுதாவிட்டாலும் உதிரும். சங்கடம் அதில் இல்லை. கொப்புளம் கிளம்பி 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கினால்தான் பலன் அதிகம். அந்த மூன்று நாட்கள் காவி காய்வதற்குள் போய்விடுகின்றன. வயதானவர்களுக்கு அதன் பிறகு மாதக்கணக்கில் எரியும் நரம்பு வலிக்கு எந்தச் சிங்கமும் பொறுப்பேற்பதில்லை. எழுதிக்கொள்ள வேண்டும் என்றிருந்தால், மாத்திரையைப் போட்டுவிட்டு எழுதிக்கொள்ளட்டும்.

● கொப்புளம் வருவதற்கு இரண்டு மூன்று நாள் முன்பே வலி வந்துவிடும். இடது மார்பில் வந்தால் மாரடைப்பு என்றும், வயிற்றில் வந்தால் குடல்வால் என்றும், இடுப்பில் வந்தால் சிறுநீரகக் கல் என்றும் ஓடுவார்கள். ஈ.சி.ஜி., ஸ்கேன் எல்லாம் சரியாக இருக்கும். மறுநாள் குளிக்கும்போது சட்டையைக் கழற்றினால் விஷயம் புரியும்.

● மூக்கு நுனியைப் பாருங்கள். நெற்றியில் அக்கி வந்தவருக்கு மூக்கின் நுனியிலோ பக்கவாட்டிலோ ஒரு கொப்புளம் இருந்தால்கூட அன்றைக்கே கண் மருத்துவரிடம் போக வேண்டும். மூக்கு நுனிக்கும் கண்விழிக்கும் உணர்வு தருவது ஒரே நரம்புக் கிளை. 19-ஆம் நூற்றாண்டில் லண்டன் மருத்துவர் ஜோனதன் ஹட்சின்சன் கவனித்துச் சொன்ன அடையாளம் இது. இன்றுவரை காலாவதி ஆகவில்லை. கண் சிவந்தால் மருந்துக் கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டு வாங்கி விடும் பழக்கம் வேண்டாம். சிம்ப்ளெக்ஸ் வைரஸால் வந்த கருவிழிப் புண்ணாக இருந்தால் ஸ்டீராய்டு அதைப் பெரிதாக்கிவிடும்.

● காதுக்குள் அக்கி வந்தால் முகத்தின் ஒரு பக்கமே தொய்ந்துபோகலாம். 1907-ல் மருத்துவர் ராம்சே ஹன்ட் விவரித்த நோய். 2022-ல் பாடகர் ஜஸ்டின் பீபர் ஒரு கண்ணை மூடித் திறக்க முடியாமல் வீடியோவில் வந்து தன் ரசிகர்களுக்கு விளக்கினாரே, அதுதான்.

● வைரஸ் எதிர்ப்பு மாத்திரைகளின் முன்னோடி அசைக்ளோவிர். அமெரிக்காவில் கெர்ட்ரூட் எலியனின் குழு வளர்த்தெடுத்த மருந்து. முனைவர் பட்டம் முடிக்காமலே 1988-ல் நோபல் பெற்றவர் எலியன். மருந்தின் தந்திரம் அழகானது. விழுங்கும்போது அது செயலற்ற பொருள். வைரஸ் தன் பிழைப்புக்காகத் தயாரிக்கும் ஒரு நொதிதான் அதற்கு உயிர் கொடுக்கிறது. உயிர்பெற்ற மருந்து, வளர்ந்துகொண்டிருக்கும் வைரஸ் டி.என்.ஏ. சங்கிலியில் போய் ஒட்டி, மேற்கொண்டு வளராமல் நிறுத்துகிறது. தொற்று இல்லாத செல்லில் அந்த நொதி கிடையாது. மருந்தும் சும்மா இருக்கும்.

உறங்கும் வைரஸை இது ஏன் கொல்வதில்லை என்பதற்கும் பதில் இதிலேயே இருக்கிறது. உறக்கத்தில் அது நொதியும் தயாரிப்பதில்லை, டி.என்.ஏ.வும் பெருக்குவதில்லை. எலி வளைக்குள் தூங்கும்போது வாசலில் எலிப் பாஷாணம் வைத்து என்ன பயன்?

● சின்னம்மைத் தடுப்பூசிக்கு ஒரு சிறுவனின் பெயர் இருக்கிறது. ஜப்பானிய வைரஸ் ஆய்வாளர் மிச்சியாகி தகாஹாஷியின் மூன்று வயது மகனுக்கு 1964-ல் சின்னம்மை கடுமையாக வந்தது. உடம்பெல்லாம் கொப்புளித்து மூச்சுவிடச் சிரமப்பட்ட மகனைப் பார்த்துத்தான் அவர் தடுப்பூசி வேலையில் இறங்கினார். 1974-ல் உருவான தடுப்பூசி வைரஸ், வேறொரு சிறுவனின் கொப்புளத்திலிருந்து எடுத்தது. அவன் குடும்பப் பெயர் ஓக்கா. இன்றும் உலகெங்கும் குழந்தைகளுக்குப் போடப்படும் சின்னம்மை ஊசிகளில் பெரும்பாலானவற்றில் இருப்பது ‘ஓக்கா’ வைரஸ்தான். இந்த ஊசி வைரஸும் நரம்பு முடிச்சுக்குப் போய்த் தூங்கும். ஆனால் எழுந்து அக்கி தருவது வெகு குறைவு.

● அக்கிக்கான ஷிங்ரிக்ஸ் தடுப்பூசியில் உயிருள்ள வைரஸ் கிடையாது. வைரஸின் ஒரே ஒரு புரதம்தான். அதோடு, உடம்பை உசுப்பிவிடுவதற்கு சிலி நாட்டுச் சோப்பு மரத்தின் பட்டையிலிருந்து எடுக்கும் ஒரு பொருளைக் கலக்கிறார்கள். பூந்திக்கொட்டை போல நுரைக்கும் பட்டை அது. 50 வயதைத் தாண்டியவர்களிடம் நடந்த பெரிய சோதனையில் சுமார் 97% பாதுகாப்பு. இரண்டு ஊசி. அமெரிக்காவில் 2017-ல் அனுமதி கிடைத்தது. இந்தியாவில் 2023 முதல் கிடைக்கிறது.

● பிறந்த தேதியே ஆய்வுக்கூடமான கதை: வேல்ஸ் நாட்டில் 2013 செப்டம்பரில் அக்கித் தடுப்பூசித் திட்டம் தொடங்கியது. 1933 செப்டம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு ஊசி உண்டு. அதற்கு முன்தினம் பிறந்திருந்தால் ஆயுளுக்கும் இல்லை. ஒரு வார வித்தியாசத்தில் பிறந்த இரண்டு கூட்டத்துக்கு இடையே வேறு என்ன பெரிய வேறுபாடு இருந்துவிடப் போகிறது? ஆய்வாளர்கள் பதிவேடுகளைப் புரட்டினார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்களுக்கு அடுத்த ஏழு ஆண்டுகளில் மறதி நோய் வருவது ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. பெண்களிடம் பலன் இன்னும் தெளிவு. 2025-ல் ‘நேச்சர்’ இதழில் வந்தது. காரணம் வைரஸின் விழிப்பைத் தடுத்ததா, ஊசி எதிர்ப்பு மண்டலத்தைப் பொதுவாகத் தட்டி எழுப்பியதா என்ற வாக்குவாதம் ஓடிக்கொண்டிருக்கிறது.

● விண்வெளியிலும் விழிக்கும். நாசா விஞ்ஞானிகள் 2019-ல் வெளியிட்ட கணக்கு: விண்வெளி ஓடத்தில் குறுகிய காலம் பறந்த 89 பேரில் 47 பேரின் எச்சில் அல்லது சிறுநீரில் ஹெர்பீஸ் வைரஸ்கள் தலைகாட்டின. சர்வதேச விண்வெளி நிலையத்தில் நீண்டநாள் தங்கிய 23 பேரில் 14 பேருக்கு அப்படி. பெரும்பாலோருக்கு உடம்புக்கு ஒன்றும் வரவில்லை. மருத்துவப் பரிசோதனையில் வடிகட்டித் தேர்ந்தெடுத்த ஆட்களுக்கே இந்தக் கதி.

● எப்ஸ்டீன்-பார் வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதில் மூடுபனிக்கும் பங்கு உண்டு. ஆப்பிரிக்கக் குழந்தைகளின் தாடையில் வரும் ஒரு புற்றுக்கட்டியைப் பற்றி மருத்துவர் டெனிஸ் பர்கிட் 1961-ல் லண்டனில் பேசினார். கேட்டுக்கொண்டிருந்த ஆன்டனி எப்ஸ்டீனுக்கு, இதற்குப் பின்னால் வைரஸ் இருக்கும் என்று பட்டது. உகாண்டாவிலிருந்து கட்டித் துண்டுகளை விமானத்தில் வரவழைத்து இரண்டு ஆண்டுக்கு மேல் தேடினார். ஒன்றும் அகப்படவில்லை. 1963 டிசம்பரில் ஒரு விமானம் மூடுபனியால் லண்டனில் இறங்க முடியாமல் மான்செஸ்டருக்குத் திருப்பிவிடப்பட்டது. மாதிரி தாமதமாக வந்து சேர்ந்தபோது குப்பியில் திரவம் கலங்கியிருந்தது. கெட்டுப்போனது என்று கொட்டியிருக்கலாம். அவர் ஒரு சொட்டை நுண்ணோக்கியில் வைத்தார்: கட்டியிலிருந்து கழன்ற புற்றுச் செல்கள் உயிரோடு மிதந்தன. அந்தச் செல்களை வளர்த்து, இவோன் பார், பெர்ட் அச்சாங் ஆகியோரோடு சேர்ந்து 1964-ல் வைரஸை மின்னணு நுண்ணோக்கியில் பார்த்தார்.

இந்த வைரஸ் தூங்குவது நரம்பில் அல்ல, நினைவாற்றல் கொண்ட பி செல்களில். பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்க உடம்பு பத்திரமாகப் பேணும் செல்கள் அவை! உலகில் பெரியவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இதைச் சுமக்கிறோம். அமெரிக்கப் படைவீரர்கள் ஒரு கோடிப் பேரின் பதிவுகளைக் கொண்டு 2022-ல் வந்த ஆய்வு, இந்தத் தொற்றுக்குப் பிறகு மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்ற நரம்பு நோய் வரும் அபாயம் 32 மடங்கு கூடுவதாகக் காட்டியது. தொற்றியவர்களில் மிகச் சிலருக்கே அந்த நோய் வருகிறது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

● சைட்டோமெகலோ வைரஸைச் சுமப்பவர்களின் நினைவு டி செல்களில் சராசரியாகப் பத்தில் ஒரு பங்கு இந்த ஒரே வைரஸைக் கண்காணிப்பதிலேயே ஈடுபட்டிருக்கிறது. சிறுநீரகம் மாற்றும்போது எதிர்ப்புச் சக்தியை மருந்தால் தணிப்பார்கள். அந்தக் கண்காணிப்பு தளர்ந்ததும் வைரஸ் எழும். தானம் கொடுத்தவரின் சிறுநீரகத்திலேயே தூங்கியபடி புது உடம்புக்கு வருவதும் உண்டு. ஆகவே இருவர் ரத்தத்தையும் முன்கூட்டியே சோதிக்கிறார்கள்.

● மனித ஹெர்பீஸ் வைரஸ் 6 (எச்.எச்.வி. 6) செய்யும் வேலை இன்னும் விசித்திரம். நம் குரோமோசோமின் நுனியில் தன்னையே செருகிக்கொள்கிறது. அது கருமுட்டையிலோ விந்தணுவிலோ நடந்துவிட்டால் பிள்ளைக்கு, பேரனுக்கு என்று சொத்துபோல இறங்கும். மனிதரில் சுமார் 1% பேர் உடம்பின் எல்லாச் செல்லிலும் இந்த வைரஸின் முழு மரபுத்தொகுதியோடு பிறக்கிறார்கள்.

● 1672-ல் ரைன் நதிக்கரைக் கிராமத்தில் பிரெஞ்சுப் படை தாக்கி இறந்த ஒரு ஆள். களிமண் சுங்கான் பிடித்துப் பிடித்துப் பல்லே தேய்ந்துபோயிருந்தது. அவர் பல்லிலிருந்து எடுத்த டி.என்.ஏ.வில் சிம்ப்ளெக்ஸ் 1 இருந்ததை 2022-ல் அறிவித்தார்கள். சிம்ப்ளெக்ஸ் 2 நம்மிடம் வந்த கதை இந்தப் பல்லைவிடப் பழையது: சுமார் 16 லட்சம் ஆண்டுகளுக்கு முன் சிம்பன்சிகளின் முன்னோரிடமிருந்து நம் முன்னோருக்குத் தாவியது என்று 2014-ல் கணக்கிட்டிருக்கிறார்கள்.

● மக்காக் இனக் குரங்குகளுக்குத் தனி ஹெர்பீஸ் உண்டு. பெயர் பி வைரஸ். குரங்குக்கு வாய்ப்புண்ணோடு போய்விடும். மனிதருக்கு வந்தால் மூளையைத் தாக்கும். 1932-ல் நியூயார்க்கில் ஆய்வுக் குரங்கு கடித்து மருத்துவர் வில்லியம் பிரெப்னர் இறந்தார். அவர் உடலிலிருந்து வைரஸைப் பிரித்தவர்களில் ஒருவர், பின்னாளில் போலியோ சொட்டு மருந்தால் புகழ்பெற்ற ஆல்பர்ட் சேபின். அன்றிலிருந்து உலகம் முழுக்க ஏறக்குறைய 50 பேருக்குத்தான் வந்திருக்கிறது. பெரும்பாலும் ஆய்வகத்தில் வேலை பார்த்தவர்கள். பழனி மலையில் வாழைப்பழத்தைப் பிடுங்கும் குரங்குக்காக ராத்தூக்கம் கெட வேண்டாம். கடித்தால் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, வெறிநாய்க்கடி ஊசிக்கு உடனே போவது முக்கியம்.

● வீட்டுப் பூனையை நாலு நாள் வெளியே விட்டுவிட்டு ஊருக்குப் போய் வந்தால், திரும்பியதும் அதன் கண்ணில் நீர் வடிந்து தும்முகிறதா? பூனைக்கும் ஹெர்பீஸ் உண்டு. இடம் மாறிய அழுத்தத்தில் எழுந்திருக்கும்.

● நாமக்கல் பக்கம் கோழிக்குஞ்சு பொரிப்பகங்களில், பிறந்த அன்றே குஞ்சுக்குக் கழுத்தில் ஓர் ஊசி போடுவார்கள். மேரெக்ஸ் நோய்க்கான தடுப்பூசி. ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மேரெக் 1907-ல் விவரித்த நோய். கோழி ஒரு காலை முன்னும் ஒரு காலைப் பின்னும் நீட்டிக்கொண்டு விழுந்துவிடும், உள்ளுறுப்புகளில் கட்டி வளரும். செய்வது ஒரு ஹெர்பீஸ் வைரஸ். இறகுத் தூசியில் பரவுகிறது. வான்கோழியின் சாதுவான ஹெர்பீஸ் வைரஸையே தடுப்பூசியாக்கி 1970 வாக்கில் கொண்டுவந்தார்கள். புற்றுநோய் ஒன்றைத் தடுத்த முதல் ஊசி மனிதருக்கானது அல்ல, கோழிக்கானது.

● யானைக்கன்றுகளை இரண்டே நாளில் சாய்க்கும் ஒரு ஹெர்பீஸ் இருக்கிறது. வளர்ந்த யானைகளிடம் பேசாமல் தூங்கும். அவ்வப்போது விழித்துத் துதிக்கைச் சளியில் வெளிவரும். தாய்ப்பால் தந்த எதிர்ப்புச் சக்தி குறையும் வயதில், ஒன்றிலிருந்து எட்டுக்குள், கன்றுக்குத் தொற்றினால் ரத்தக்குழாய்கள் கசியத் தொடங்கி, நாக்கு நீலம் பாரித்து, இதயம் நின்றுவிடும். 1995-ல் வாஷிங்டன் விலங்குக் காட்சிச்சாலையில் ஒரு ஆசியக் கன்று இறந்தபோதுதான் தேடல் தொடங்கியது. தென்னிந்தியக் காடுகளில் இறந்த கன்றுகளிலும் இதே வைரஸ் இருந்ததைக் கால்நடை மருத்துவர்கள் 2013-ல் பதிவு செய்தார்கள். 2024-ல் ஹூஸ்டன் காட்சிச்சாலையில் டெஸ் என்ற 40 வயது யானைக்கு, இந்த வைரஸுக்கு எதிரான எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசி முதன்முதலாகப் போடப்பட்டது.

● கடைசியாக ஒன்று. நரம்புக்குள் போய்த் தூங்கும் சிம்ப்ளெக்ஸ் 1-ன் டி.என்.ஏ. வளையத்தையே வெட்டிப்போட முடியுமா? அமெரிக்காவில் சியாட்டில் நகரத்து ஆய்வாளர் கீத் ஜெரோமின் குழு, வைரஸ் டி.என்.ஏ.வைக் குறிபார்த்து வெட்டும் நொதிகளை எலிகளின் நரம்பு முடிச்சுக்கு அனுப்பியது. 2020-ல் வெளியான முடிவு: சில முடிச்சுகளில் உறங்கும் வைரஸில் 90 சதவீதத்துக்கு மேல் காணாமல் போனது. மனிதரிடம் இன்னும் சோதிக்கவில்லை. நொதிகளை அங்கே சுமந்து போனதும் ஒரு வைரஸ்தான்; அது ஹெர்பீஸ் குடும்பம் இல்லை, நோய் எதுவும் தராத வேறு சாதி.